5, 6-ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒட்டுப்போர்வை: எங்கே தொடங்கலாம்?

சிப்புட் டீச்சர்
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கைக்குத் தையல் எடுக்கிறேன். பிள்ளைகள் 16 பேர், பாதி பையன்கள். காலால் மிதிக்கும் பழைய மெஷின் மூன்று இருக்கு. சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்து, எல்லார் கையும் பட்ட ஒரே ஒட்டுப்போர்வை தைக்கணும். துணி வாங்கப் பணம் கம்மி. ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் கத்தி) இல்லை, கத்தரிக்கோல்தான். எந்த டிசைன்? துணி எவ்வளவு? கையா, மெஷினா?

நூல்கண்டு
ஒன்பது கட்டம் போதும் டீச்சர். ஆளுக்கு ஒரு சதுரம், அதற்குள் மூன்றுக்கு மூன்று துண்டு. முக்கோணம் பக்கமே போகாதீங்க. மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய துணி இழுபட்டு நீளும், பிள்ளைகள் கையில் நிற்காது.

துணிக்குப் பழைய பள்ளிச் சீருடையைக் கேட்டு வாங்குங்க. நீலப் பினஃபோர், வெள்ளைச் சட்டை. எட்டுப் பிள்ளைகளுக்கு 5 நீலம் 4 வெள்ளை, மற்ற எட்டுப் பேருக்கு 5 வெள்ளை 4 நீலம். மாற்றி மாற்றி அடுக்கினால் போர்வை முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி வந்துவிடும். மொத்தம் 144 துண்டு, நிறத்துக்கு 72. புதுசா வாங்கினால் 45 இன்ச் அகலப் பாப்ளின், நிறத்துக்கு ஒன்றேகால் மீட்டர். வழுக்கும் பாலியெஸ்டர் சேலையை யார் கொடுத்தாலும் வேண்டாம்.

துண்டு 5 இன்ச். நாலு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் போனால் 4½ நிற்கும். ஒரு பிள்ளையின் சதுரம் 13½, நாலுக்கு நாலு சேர்த்தால் 54 இன்ச் போர்வை.

ஊசிமுனை
கணக்கு சரி, ஆனால் கத்தரிக்கோலில் 16 பிள்ளைகள் ஒரே மாதிரி 5 இன்ச் வெட்ட மாட்டாங்க. கால் இன்ச் விட வேண்டிய இடத்தில் அரைக்கால் இன்ச் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், ஒரு தையலுக்குக் கால் இன்ச் போச்சு. சதுரத்துக்கு அரை இன்ச், நாலு சதுர வரிசைக்கு இரண்டு இன்ச். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேரவே சேராது.

அதனால் வெட்டும் கோட்டை விடுங்க, தைக்கும் கோட்டை வரைய வைங்க. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் 4½ இன்ச் சதுரம் நீங்களே வெட்டிக் கொடுங்க. மைலோ பெட்டி அட்டை வேண்டாம், நாலு பேர் வரைந்ததும் ஓரம் தேய்ந்து அளவு மாறும். துணியின் உள்பக்கத்தில் வைத்து, கூர் சீவிய பென்சிலை அட்டையோடு ஒட்டிச் சாய்த்து வரையணும். பென்சில் நிமிர்ந்து நின்றால் கோடு அட்டையை விட்டுத் தள்ளி விழும். கோட்டுக்கு வெளியே கால் இன்ச் கண்ணளவாக விட்டு வெட்டினால் போதும், அங்கே கோணல் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்து, இரண்டு மூலையிலும் குண்டூசியைக் குத்தி, பின்பக்கக் கோட்டின் மூலையிலேயே வெளிவருதா என்று திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. பாதிப் பாடம் இந்தத் திருப்பிப் பார்ப்பதுதான்.

சதுரங்களைக் கையால் தைக்கட்டும், சதுரத்தோடு சதுரம் சேர்க்க மட்டும் மெஷின். கையூசி 8-ஆம் நம்பர். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமானால் முறுக்கி முடிச்சு விழும். ஓட்டுத் தையல், நாலைந்து தையலுக்கு ஒரு பின்தையல்.

தைத்த மடிப்பை நீலப் பக்கமாகவே சாய்த்து இஸ்திரி போடுங்க (அது உங்கள் வேலை, பிள்ளைகளுடையது இல்லை). அடுத்தடுத்த வரிசையில் மடிப்பு எதிரெதிர்த் திசையில் விழும். மூலையில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தடிமனும் ஏறாது.

வகுப்பு முடிந்ததும் குண்டூசி எல்லாம் எண்ணி எடுத்துடுங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு அடுத்த வாரத்துக்குள் துரு பிடிக்கும், வெள்ளையில் அந்தக் கறை லேசில் போகாது.

பத்தேக் பாட்டி
சீருடை மட்டும்னா கண்ணுக்குச் சப்புன்னு இருக்குமே! பழைய பாத்தேக் சாரோங்கும் (மெழுகுச் சாயம் போட்ட கைலி) கொஞ்சம் சேருங்க. உப்புத் தண்ணியில ஊற வச்சா சாயம் நின்னுடும்.

ஊசிமுனை
சேர்க்கலாம் பாட்டி, ஆனா உப்பு சாயத்தை நிறுத்தாது. தனியாகத் துவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசணும். அப்புறம் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்க. நிறம் ஒட்டினால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

சிப்புட் டீச்சர்
ரொம்ப நன்றி. மெஷினில் ஒரு சிக்கல்: துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுது. அடிநூல் சுற்றிய பாபினை மாற்றியும் அப்படித்தான்.

நூல்கண்டு
அடியில் கூடு கட்டினால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில். துணியை அழுத்தும் மெஷின் காலை இறக்கி வைத்து நூல் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு மூடியே இருக்கும், நூல் உள்ளே உட்காராது. அந்தக் காலைத் தூக்கி வைத்துக் கோர்க்கணும். முதல் நாலு தையலுக்கு இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொள்ளணும். சக்கரம் உங்கள் பக்கமாகச் சுற்றணும். மிதிக்கத் தெரியாதவர் பின்னால் சுற்றினாலும் இதே கூடுதான். அதனால் நூல் இல்லாமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் முதலில் ஓட்டச் சொல்லுங்க. துளைகள் கோட்டின் மேலேயே விழுந்தால்தான் துணி. தாள் தைத்த ஊசி மழுங்கிடும், அதைத் தனியாக வைங்க.

பாப்ளினுக்கு 80/12 நம்பர் மெஷின் ஊசி, பினஃபோர் மடிப்பு சேரும் இடத்துக்கு 90/14. எண்ணெய் தையல் மெஷின் எண்ணெயே போடுங்க; தேங்காய் எண்ணெய் பிசுக்காகி இறுகிடும்.

ஊசிமுனை
கடைசிக் கட்டம் விட்டுப்போச்சு. அடித்துணி 60 இன்ச் சதுரம், பழைய படுக்கை விரிப்பு போதும். நடுவில் பஞ்சு விரிப்பு, இல்லையென்றால் மெல்லிய கம்பளி, போர்வை அளவுக்கு. மூன்று அடுக்கையும் தரையில் விரித்து மாஸ்கிங் டேப்பால் இழுத்து ஒட்டுங்க. மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் முழுக்கத் தைக்கும் குவில்ட் போட வேண்டாம், மூலைகளில் முடிச்சு போட்டால் போதும். நாலு துண்டு சேரும் மூலைகள் 121 இருக்கு, ஆளுக்கு ஏழெட்டு. எம்பிராய்டரி நூல் ஆறு இழையையும் சேர்த்து ஊசியில் கோர்த்து, மேலிருந்து இறக்கி, கால் இன்ச் தள்ளி மேலே எடுத்து, வலது மேல் இடது, இடது மேல் வலது என்று முடிச்சு. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் துவைக்கும்போது அவிழ்ந்துடும். ஓரத்தில் மிஞ்சும் அடித்துணியை இரண்டு மடிப்பாக முன்னால் கொண்டுவந்து தைத்தால் பார்டர்.