மூங்கில் காட்டுக்கு யூரியா: மண்ணில் கரிமம் கூடுதா, குறையுதா?

வேர்க்கணு: "மூங்கில் காட்டில் யூரியா போன்ற தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் போட்டால் மண் சுவாசம், அதாவது மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடு, குறையும், ஆகவே கரிமம் மண்ணிலேயே சேரும்" என்று பச்சையிலை நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சீனாவின் மோசோ மூங்கில் காடுகளை வைத்துத்தான் பேசுகிறீர்கள். சரி, மண்ணை எந்த ஆழத்தில் எடுத்து அளந்தார்கள்? மேல் 20 செ.மீ. அதற்குக் கீழே என்ன நடந்தது?

பச்சையிலை: வந்துட்டாரு ஆழக்காரர். காடுகளில் மேல் ஒரு மீட்டர் மண்ணில் இருக்கும் கரிமத்தில் சுமார் பாதி முதல் 20 செ.மீ.யிலேயே இருக்கு. உரத்துக்கு முதலில் அசைவதும் அந்தப் பாதிதான். வேறெங்கே அளக்கணும்?

வேர்க்கணு: நன்றி, என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி மேலே என்றால் பாதி கீழே. அந்தப் பாதியைத் தொடாமல் "கரிமம் சேரும்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பச்சையிலை: காரணத்தோடுதான் சொல்றேன். தழைச்சத்து மிதமிஞ்சினால் லிக்னினை (செடிக்கு மரத்தன்மை தரும் பொருள்) உடைக்கும் பூஞ்சைகளின் நொதிகள் மந்தமாகும். உரத்தின் அம்மோனியம், நைட்ரேட்டாக மாறும்போது மண்ணில் அமிலம் ஏறும், நுண்ணுயிர்கள் சுணங்கும். சருகு மட்குவது தாமதப்படும். இது பாடப்புத்தக விஷயம், படிச்சவங்களுக்குத் தெரியும்.

வேர்க்கணு: படிச்சவங்களுக்கு இன்னொன்றும் தெரியும். மண் சுவாசம் என்று அளப்பதில் நுண்ணுயிரின் மூச்சும் இருக்கு, வேரின் மூச்சும் இருக்கு. உரம் சுலபமாகக் கிடைத்தால் செடி வேருக்குச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் சுவாசம் குறையும், ஆனால் மண்ணுக்குள் போகிற கரிமமும் குறையும். அதைச் சேமிப்பு என்பீர்களா? அமிலம் ஏறி நுண்ணுயிர் சுணங்கிய மண்ணைக் காட்டிப் பெருமைப்படும் முதல் ஆள் நீங்கள்தான். 20 செ.மீ. கேள்விக்குப் பதில் இன்னும் வரலை.

தராசு: இருவருமே உரத்தின் சொந்தக் கணக்கை விட்டுட்டீங்க. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் பொது அளவுப்படி, போட்ட நைட்ரஜனில் 1% நைட்ரஸ் ஆக்ஸைடாகப் போகும். 100 கிலோ நைட்ரஜனுக்கு சுமார் 1.57 கிலோ வாயு. அதன் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்ஸைடைப் போல் 273 மடங்கு; அதனால் 273ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். யூரியாவில் இருக்கும் கரிமம் வெளியேறுவதும், ஆலையில் அம்மோனியா தயாரிக்க எரித்த எரிவாயுவும் இதில் சேரலை.

பச்சையிலை: தலைப்பு மண் கரிமம் பற்றியது, தராசு. வாயுக் கணக்குக்குத் தனி இழை தொடங்குங்க.

வேர்க்கணு: தராசு சொன்னது உண்மைதான், ஆனால் அது பிறகு. 2007இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1876 முதல் அங்கே பயிரிடப்படும் மாரோ சோதனை வயல்களின் தரவை வெளியிட்டார்கள். பல பத்தாண்டுகள் தாராளமாக உரம் போட்டும் மண் கரிமம் குறைந்திருந்தது. மேல்மண்ணைவிட அடிமண்ணில்தான் இழப்பு பெரிது. அடிமண்! 20 செ.மீ.யோடு நின்றிருந்தால் அந்த இழப்பு கண்ணில் பட்டிருக்காது.

பச்சையிலை: அது மக்காச்சோளம். வருஷா வருஷம் உழுத வயல். அந்த முடிவை மறுத்து வேறு மண்ணியலாளர்கள் எழுதியதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க. உழவில்லாத மூங்கில் காட்டோடு வயலை ஒப்பிடலாமா?

மலைச்சரிவு: உழவில்லையா? சீனாவின் செஜியாங் பக்கம் தண்டுக்கும் குருத்துக்குமாகத் தீவிரமாகப் பராமரிக்கும் மோசோ தோப்புகளில் ஆழக் கொத்தி உரம் இடுவது வழக்கம். அடியில் வளரும் புதரையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அங்கே கரிமம் குறைந்தால் அது உரத்தின் வேலையா, கொத்தியதன் வேலையா என்று பிரிப்பதே பெரும்பாடு. பச்சையிலை இதைத் தெரியாமல் பேசுகிறார். மூங்கில் கரி விவாதத்திலும் இப்படித்தான் பேசினார்.

பச்சையிலை: மூங்கில் கரி விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் நினைவிருக்கு. உங்களைவிட நான் அதிகமாகவே வாசிச்சிருக்கேன்.

மலைச்சரிவு: ஓடவில்லை. வசைபாடும் இடத்தில் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

வேர்க்கணு: பழைய பகையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பச்சையிலை, கொத்திய தோப்பு, கொத்தாத தோப்பு இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தாலும் என் கேள்வி மாறாது. கொத்தும்போது மண் இளகும், அடர்த்தி மாறும். அப்புறம் அதே 20 செ.மீ.யில் இருக்கும் மண்ணின் எடையே வேறு. எடையைச் சமப்படுத்தாமல் இரண்டு வருஷத்து அளவுகளை ஒப்பிட்டுக் கூடியது, குறைந்தது என்று சொல்வதில் என்ன நம்பகம்? ஒரு மீட்டர் வரை குழி வெட்டி, அடுக்கடுக்காக மண் எடுத்து, அடர்த்தியும் அளக்கட்டும். பிறகு பேசுவோம்.

பச்சையிலை: மூங்கிலின் வேர்த்தண்டுகள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடும். உரம் விழுவதும் சருகு விழுவதும் அங்கேதான். நீங்க ஒரு மீட்டர் தோண்டினால் அடுத்தவர் இரண்டு மீட்டர் கேட்பார். 20 போதும்.

தராசு: 430 கிலோவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

வேர்க்கணு: போதாது. பாதிக் கரிமம் கீழே இருக்கு என்று உங்கள் வாயாலேயே வந்தாச்சு. அளந்த ஆழத்தை எழுதுங்கள், இல்லையென்றால் "சேரும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

பச்சையிலை: எடுக்க மாட்டேன்.