டெட்ராய்ட்டின் பழைய கோபுரங்கள்: உள்ளே போனவர்கள் எழுதுங்கள்

செங்கல்சூளை:

மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1988இல் கடைசி ரயில், அப்புறம் முப்பது வருடம் பாழ், 2018இல் ஃபோர்டு வாங்கியது. நான் சொல்லப்போவது அந்த நடுக்காலத்தில் நடந்தது. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அலுவலகத்தில் புகைப்படப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். பிப்ரவரிக் குளிர். காத்திருப்பு மண்டபத்தில் கூரை ஒழுகி, தரையெல்லாம் உறைந்து கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

படியேறும்போது மேலே எங்கேயோ இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாம் மாடியோ ஆறாம் மாடியோ, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ரம்பத்தால் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். வாயில் டார்ச். எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை, மிரட்டவும் இல்லை. டார்ச்சை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டி, "இங்கே காட்டு" என்றார். காட்டினேன். குழாய் அறுந்து விழுந்ததும் டார்ச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார்: "மேலே போவதானால் சுவர் ஓரமாகவே கால் வையுங்கள். படியிலிருந்த பளிங்கை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான். வெறும் தகடுதான் இருக்கிறது."

அடுத்த திருப்பத்தில் டார்ச் அடித்துப் பார்த்தோம். உண்மைதான். துருப்பிடித்த தகட்டில் ஒரு பூட்ஸ் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

2024 ஜூனில், புதுப்பித்த நிலையத்தின் திறப்பு விழாவுக்குப் போனேன். எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பனிக்கரடி:

செங்கல்சூளை, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வெளிப்படையாகச் சொன்னால், நீங்கள் திருட்டுக்கு விளக்குப் பிடித்திருக்கிறீர்கள்! அந்த மனிதர் நல்லவராக இருக்கலாம். அவரைப் போன்றவர்கள் கூரையோரச் செம்புத் தகட்டையும் மழைநீர்க் குழாயையும் உருவிய பிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்கியது. ஃபோர்டு ஆட்கள் முதல் வேலையாகச் செய்தது அடித்தளத்திலிருந்து பல லட்சம் கேலன் தண்ணீரை இறைத்ததுதான். பிறகு கட்டிடத்தை மாதக்கணக்கில் காயவிட்டார்கள். பழைய செங்கல் ஊறிவிட்டால் லேசில் காயாது.

இதைப் படித்துவிட்டு யாராவது டார்ச்சோடு கிளம்பிவிடுவீர்களோ என்று பயமாக இருப்பதால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். இந்தக் கட்டிடங்கள் 1910, 1920களில் எழுந்தவை. குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பஞ்சு அநேகமாக ஆஸ்பெஸ்டாஸ். உரிந்து தொங்கும் பெயிண்டில் ஈயம். புறா எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால் நுரையீரலில் பூஞ்சை நோய் வரலாம், துணி முகமூடியெல்லாம் அதற்குப் போதாது. லிஃப்ட் கதவு திறந்திருந்தால் லிஃப்ட் உள்ளே இருக்கிறது என்று பொருளில்லை. குளிர்காலத்தில் தரையில் பனியா, பனி மூடிய ஓட்டையா என்று தெரியாது. தனியாகப் போகக் கூடாது. போகும் இடத்தை வெளியே ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வேலி போட்ட இடத்துக்குள் நுழைவது குற்றம். விசாவில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஹெல்மெட் கொடுத்து அழைத்துப்போகும் சுற்றுலாக்கள் இருக்கின்றன. அதில் போங்கள்.

என் அனுபவம் சிறியது. திமிங்கில ஓவியம் வரைந்த ப்ரோடரிக் கோபுரம் 2012இல் குடியிருப்பாகத் திறந்ததும் வீடு பார்க்கப் போனேன். ஜன்னலுக்கு நேர் கீழே பேஸ்பால் மைதானம். பந்து வீசுவதைப் பத்து நிமிடம் இலவசமாகப் பார்த்தேன். வாடகை என் சம்பளத்துக்கு ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன்.

வேப்பம்பூ:

குழாய்த் திருடன் ஒரு கட்டிடத்தை நோயாளியாக்குவான், அவ்வளவுதான். சாகடிப்பது வேறு ஆட்கள், பனிக்கரடி. 1998 அக்டோபர் 24 அன்று ஹட்சன்ஸ் கடையை வெடிவைத்துத் தகர்த்தபோது நான் தெருவில் நின்றேன். அமெரிக்காவுக்கு வந்த புதிது. தீபாவளி வெடி மாதிரி இருக்கும் வா என்று கணவர் இழுத்துக்கொண்டு போனார்.

439 அடி உயரம். வெடிவைத்து வீழ்த்திய கட்டிடங்களில் அதுவரை அவ்வளவு உயரமானது இல்லை என்று அன்று எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். இதில் என்ன பெருமை என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு கறுப்பினப் பாட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் லிஃப்ட் இயக்கியவராம். கூட்டம் பத்து, ஒன்பது என்று எண்ணத் தொடங்கியபோது அவர் எண்ணவில்லை. கையுறை, தொப்பி, பாத்திரம், குழந்தை உடை, சாப்பாட்டு அறை என்று ஒவ்வொரு தளமாகச் சொல்லிக்கொண்டே போனார். சத்தமாகக்கூட இல்லை, லிஃப்டில் ஏறியவர்களுக்குச் சொல்லும் தொனியில், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கதவு திறந்து மூட வேண்டிய நேரம் விட்டுச் சொன்னார். சாப்பாட்டு அறை வந்தபோது வெடித்தது.

அப்புறம் தூசி தெருவை அடைத்துக்கொண்டு வந்ததில் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். தலைக்குக் குளித்தும் அந்த வாடை போகவில்லை. உயரத்தில் ஓடும் பீப்பிள் மூவர் ரயில் பாதையும் அன்று சேதமானது.

இடித்த இடத்தில் உடனே ஏதோ வரப்போகிறது என்றார்கள். புதிய கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டியது 2017 கடைசியில். பத்தொன்பது வருடம் சும்மா கிடப்பதற்கு அந்தப் பழைய கட்டிடமே நின்றிருக்கலாமே?

பனிக்கரடி:

வேப்பம்பூ அக்கா, இருபது லட்சம் சதுர அடிக்கு மேலான கடை அது. 1983இல் மூடியது. 1998 டெட்ராய்ட்டில் அதை யார் எடுத்து நடத்தியிருப்பார்கள்?

வேப்பம்பூ:

யாரும் நடத்தியிருக்க வேண்டாம். ஜன்னலுக்குப் பலகை அடித்து, கூரையை மட்டும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். புக் காடிலாக் ஹோட்டலும் 1984இலேயே மூடியதுதான். இருபத்துநான்கு வருடம் இருட்டில் நின்று, 2008இல் மறுபடி ஹோட்டலாகத் திறந்தது. இடிக்க யாரும் அவசரப்படாததால் பிழைத்தது.

கோணமட்டம்:

இந்தத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் குறுக்கே வருகிறேன். எந்தக் கட்டிடம் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. 1920களில் கட்டியது, முப்பது மாடிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவிலிருந்து பார்த்தால் கல் சிற்பமாகத் தெரிவதில் பெரும்பகுதி கல் இல்லை, சுடுமண். உள்ளே கூடாக இருக்கும் கட்டிகள். இரும்புக் கொக்கியால் கட்டிடத்தின் எலும்பில் மாட்டியிருப்பார்கள். இணைப்புச் சுண்ணாம்பு விட்டுப்போனால் தண்ணீர் இறங்கும். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுடுமண்ணை வெடிக்க வைக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே விட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருக்கும் நம்பகமான கருவி ஒரு மரச் சுத்தியல். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டியையும் தட்டவேண்டும். நல்லது ணங் என்று கேட்கும். கெட்டது தொப்பென்று கேட்கும். எங்கள் குழுவில் தட்டிய ஆள் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். தட்டிவிட்டு ஒரு கணம் நின்று, சாக்கட்டியால் குறி போடுவார். ஒருநாள் முப்பதாம் மாடி உயரத்தில் ஒரு சிங்க முகத்தைத் தட்டினார். ணங் என்றுதான் கேட்டது, நானும் கேட்டேன். அவர் குறி போட்டார். "நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன். "இது ஏற்கெனவே ஒருதரம் கழன்றிருக்கிறது" என்றார். இறக்கிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க யாரோ என்றைக்கோ சிமெண்ட் அடைத்து ஒட்டியிருந்தார்கள். கொக்கியே இல்லை. அத்தனை காலமும் அந்தச் சிங்கத்தின் நேர் கீழே பஸ் நிறுத்தம்.

வேப்பம்பூ சொன்னதில் பாதிதான் சரி. கூரை ஒழுகாமல் இருந்தால் மட்டும் போதாது, கட்டிடம் வேறு பயனுக்கு மாறக்கூடியதாகவும் இருக்கவேண்டும். 1920களின் ஆபீஸ் கோபுரங்களில் குளிர்சாதனம் கிடையாது. அதனால் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வைத்தே ஆகவேண்டும், தளம் ஒடுக்கமாக இருக்கும். அதை வீடாக்குவது சுலபம், படுக்கையறைக்கு வெளிச்சம் தானாகக் கிடைக்கும். ஹட்சன்ஸ் போன்ற கடை ஒரு முழுத் தெருச்சதுரம், நடுப்பகுதிக்கு வெயிலே எட்டாது. 1970களின் கண்ணாடி ஆபீஸ்களுக்கும் இதே சிக்கல்தான்.

அடுத்தது பணம். வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்த பழைய கட்டிடத்தை விதிப்படி புதுப்பித்து வருமானம் தரும்படி நடத்தினால், செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. அது இல்லாவிட்டால் பாதிக் கோபுரங்களின் கணக்கு தேறாது. அதற்கு விலையும் உண்டு. முக்கியமான தாழ்வாரத்தையும் முகப்பு மண்டபத்தையும் கலைக்கக் கூடாது. ஜன்னல் மாற்றினால் பழைய தோற்றத்துக்கு ஒத்துப்போகவேண்டும். புக் டவரில் மட்டும் 2,400க்கு மேல் ஜன்னல். 2015இல் கை மாறிய கட்டிடம் 2023இல்தான் திறந்தது என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

மணல்வீடு:

எல்லோரும் திறப்பு விழாவையே கொண்டாடுகிறீர்கள். 1995இல் காமிலோ ஹோசே வெர்காரா என்ற புகைப்படக்காரர் ஒரு யோசனை சொன்னார். நகர நடுவில் காலியாக நிற்கும் பழைய கோபுரங்களைத் தொடவேண்டாம், ஏதென்ஸ் குன்றில் இடிந்து நிற்கும் பழைய கோயில்களான அக்ரோபோலிஸைப் போல, அமெரிக்காவின் அக்ரோபோலிஸாக அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். எனக்கு அவர் சொன்னது சரியென்றே படுகிறது. இப்போது உள்ளே போனால் காபிக் கடையும் கைப்பை விற்பவர்களும்தான். செங்கல்சூளை பார்த்த கட்டிடத்தை இனி யாரும் பார்க்க முடியாது.

வேப்பம்பூ:

மணல்வீடு, அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்தவர் வீடு இடிந்து கிடப்பதை ரசிக்க நன்றாகத்தான் இருக்கும்.

செங்கல்சூளை:

விளக்குப் பிடித்தது பற்றி பனிக்கரடிக்கு ஒன்று மட்டும். 2018இல் ஃபோர்டு ரயில் நிலையத்தை வாங்கிய செய்தி வந்த சில நாட்களில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் பெயர் சொல்லாத ஒருவர் போன் செய்தார். நிலையத்தின் கடிகாரம் ஒன்று, இருபது வருடத்துக்கு முன் திருடுபோனது, இன்ன இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், சீக்கிரம் ஆள் அனுப்புங்கள் என்றார். போய்ப் பார்த்தால் இருந்தது. அவ்வளவு காலமும் அதை எடைக்குப் போடாமல் யாரோ வைத்திருந்திருக்கிறார்கள். எடுத்தவரேதான் வைத்திருந்தாரா, கை மாறியதா, நமக்கெதற்கு. திருடர் என்று ஒரே பெயரில் எல்லோரையும் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பனிக்கரடி:

கடிகாரம் வந்தது சரி. பளிங்குப் படி வந்ததா?

நிலைப்படி:

சண்டைக்கு நடுவில் என்னுடையது. எல்லோரும் செத்துப் பிழைத்த கட்டிடங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். கார்டியன் கட்டிடம் நாற்பது மாடி, 1929. திறந்த அதே வருடம் பங்குச் சந்தை விழுந்தது. 1933இல் மிச்சிகன் ஆளுநர் எல்லா வங்கிகளையும் மூடச் சொன்ன நெருக்கடி இந்தக் கட்டிடத்தின் வங்கிக் குழுமத்தில்தான் தொடங்கியது. ஆனாலும் அது பாழாகவில்லை. இப்போது வெய்ன் மாவட்ட அரசின் கையில் இருக்கிறது. வேலை நாளில் யாரும் கீழ்த்தள மண்டபத்துக்குள் போய்ப் பார்க்கலாம், வேலி தாண்ட வேண்டாம்.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது கூட்டிப்போனேன். கோயிலில் தேவாரம் பாடுபவர். வண்ண ஓடு பதித்த சுவரையெல்லாம் அவர் சட்டை செய்யவே இல்லை. வங்கி மண்டபத்தின் நடுவில் நின்று உயரத்தை ஒருமுறை அளந்தார். இவ்வளவு பெரிய மண்டபம், ஆயிரங்கால் மண்டபத்தில் பாடுவதுபோல் குரல் சுற்றி வரும் என்று நினைத்திருப்பார்போல. நான் தடுப்பதற்குள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். குரல் போன இடம் தெரியவில்லை. ஒரு துளிகூடத் திரும்பி வரவில்லை. அப்பா பாட்டை நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை, அன்று நிறுத்தினார்.

காவலர் எங்களை நோக்கி வந்தார். வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மேலே கை காட்டினார். அந்த வண்ணக் கூரை துணியில் வரைந்தது, துணிக்குப் பின்னால் குதிரை முடியால் ஆன மெத்தை. வங்கி நடந்த காலத்தில் நாலு பக்கமும் பேச்சும் டைப்ரைட்டர் சத்தமும் முட்டி மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடாம். அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு, "வங்கிதான் போய்விட்டதே, அதைப் பிரித்துவிடலாமே?" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் காவலர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து அப்பா கேட்கச் சொன்னது, அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று. அதை நான் கேட்கவில்லை.