கலண்டர் கன்வென்ஷனுக்கு ‘நாள்வழக்கு’

வணக்கம்.

மென்பொருள் சொற்களைத் தமிழாக்கும் நம் பட்டியலில், லொகேல் (மொழி, நாடு சார்ந்த) அமைப்புகளில் வரும் ‘கலண்டர் கன்வென்ஷன்’ என்பதற்கு ‘நாட்காட்டி முறை’ என்று போடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. கிரிகோரியன், ஹிஜ்ரி, நம் சித்திரை–பங்குனிக் கணக்கு, இவைதான் முறைகள். ஒரே கிரிகோரியனுக்குள்ளேயே நாட்டுக்கு நாடு மாறுகிற பழக்கம் வேறு: வாரம் எந்தக் கிழமையில் தொடங்கும், எவை வார விடுமுறை, ஆண்டின் முதல் வாரம் எது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நிரல் எழுதுகிறவர்தான் திண்டாடுவார்.

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கணக்குக்குச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திரை முழுக்கத் தமிழ். கிலோ, முழுப் பேர், அரைப் பேர் (முழு நாள், அரை நாள் வேலை) எல்லாம் சரியாக இருந்தன. வாரத் தொகை மட்டும் செக்ரோலோடு, அதாவது தோட்டத்தின் வேலை–சம்பளப் பதிவேட்டோடு, ஒத்துவரவில்லை. மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளும் மொழி, நாட்டு வழக்கங்களின் தொகுப்பான யூனிகோடின் சி.எல்.டி.ஆர். தரவில் இலங்கைக்கு வாரம் திங்களில் தொடங்குகிறது, இந்தியாவுக்கு ஞாயிறில். நாட்டைக் குறிக்காமல் ‘தமிழ்’ என்று மட்டும் கொடுத்தால் இந்தியா என்றே எடுத்துக்கொள்ளும். இந்தச் செயலியிலும் அதுதான் நடந்தது: ஞாயிறன்று பறித்த கொழுந்து அடுத்த வாரக் கணக்கில் போய் விழுந்தது. உழைத்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

‘நாட்காட்டி மரபு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மரபு என்றால் காலங்காலமாக வருவது என்ற எண்ணம் வந்துவிடும். இங்கே இலங்கையில் 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயாவை (நிலவின் நிலைகளையொட்டிய பௌத்தப் புனித நாளை) ஒட்டியே வார விடுமுறை வந்தது. நிலவின் நான்கு நிலைகளைப் பின்பற்றியதால் ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே எப்போதும் ஏழு நாள் இருக்கவில்லை. அரசு நினைத்தால் மாறும் ஒன்றை நிரலில் நிலையாக எழுதிவைக்கக் கூடாது, மாற்றக்கூடிய அமைப்பாகத்தான் வைக்க வேண்டும். அதனால் என் தெரிவு ‘நாள்வழக்கு’. நீதிமன்ற வழக்கோடு குழம்பும் என்கிறீர்கள். பேச்சுவழக்கு, வட்டார வழக்கு என்னும்போது யாரும் குழம்புவதில்லையே?

இதன் கீழ் ‘வாரத் தொடக்கம்’, ‘வார விடுமுறை’ என்று பிரிக்கலாம். இன்னொன்றும் வேண்டும். தேதி எழுதும் பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601 படி 2024 டிசம்பர் 30, திங்கட்கிழமை, 2025இன் முதல் வாரத்தில் சேரும். அந்த ஆண்டை ‘வார ஆண்டு’ என்று தனியாகக் குறிக்காவிட்டால், தேதி அச்சாகும் இடத்தில் 2025 டிசம்பர் 30 என்று ஒரு வருடம் கூடி நிற்கும். ‘வார ஆண்டு’க்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தாருங்கள். மற்ற மூன்றையும் இந்தச் சுற்றிலேயே சேர்த்துவிடலாம்.