'தாத்' என்ற எபிரேயச் சொல்: சட்டம் சமயமானது எப்போது?

அனைவருக்கும் வணக்கம். இன்றைய எபிரேயத்தில் சமயத்தைக் குறிக்கும் 'தாத்' என்ற சொல்லைப் பற்றி, மொழி வரலாறு அறிந்தவர்களின் உதவியை நாடுகிறேன்.

இது பழம்பாரசீகத்தின் 'தாத', அதாவது 'இடப்பட்டது, விதிக்கப்பட்டது' என்ற சொல்லிலிருந்து கடனாக வந்தது. சமஸ்கிருதத்தின் 'தா' (வைத்தல்) என்னும் வேர் இதற்கு உறவு. எபிரேய விவிலியத்தின் எஸ்தர் நூலில் இது பெரும்பாலும் அரசனின் ஆணையையும் சட்டத்தையுமே குறிக்கிறது; அதே விவிலியத்தின் எஸ்றா நூலில் அரமேய மொழியில் அமைந்த பகுதியிலோ, பாரசீக அரசனின் சட்டம், கடவுளின் சட்டம் ஆகிய இரண்டுக்கும் இதே சொல் வருகிறது. (உபாகமம் 33:2-இல் 'அக்கினிமயமான பிரமாணம்' என்று மொழிபெயர்க்கப்படும் இடம் மூலத்தின் சரியான பாடம் எதுவென்ற சிக்கல் உள்ளதென்பதால், அதைச் சான்றாகக் கொள்ள எனக்குத் தயக்கம்.)

பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் வரும் 'மோசேயின் தாத், யூதப் பெண்களின் தாத்' என்ற தொடரிலும் நெறி, வழக்கம் என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் யூத மெய்யியலாளர் யோசேப் அல்போ இச்சொல்லை இயற்கைச் சட்டம், மனிதர் வகுத்த சட்டம், தெய்வீகச் சட்டம் என்ற மூன்றுக்கும் பொதுவாக ஆள்கிறார்.

அப்படியிருக்க, நம்பிக்கையும் வழிபாடும் சேர்ந்த 'சமயம்' என்ற பொருள் இச்சொல்லில் எக்காலத்தில் நிலைபெற்றது? சமயத்தைக் குறிக்கும் 'தீன்' என்ற அரபுச் சொல்லை எபிரேயத்தில் பெயர்த்தவர்களுக்கு இதில் பங்கு உண்டா? இடைக்கால நூல்களிலிருந்து தெளிவான எடுத்துக்காட்டு தெரிந்தவர்கள், பகுதி எண்ணுடன் குறிப்பிட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.