சின்னத் தாத்தாவின் நேதாஜியும் பாட்டியின் நேதாஜியும்

மலாயாத் தமிழர் வீடுகளில் நேதாஜி பற்றிய நினைவுகளை இங்கே எழுதச் சொன்னதற்கு, அவரை நேரில் பார்த்தவர்கள், காதுத் தோட்டைக் கழற்றி அவருடைய படை நிதிக்குக் கொடுத்தவர்கள் என்று பலரும் எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் சிக்கலானது.

மலேசியாவில் கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அம்மாவைப் பெற்ற தாத்தாவை ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் சயாம் ரயில் வேலைக்கு, அதாவது தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் பாதை போடும் வேலைக்கு, கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்களாம். திரும்பவே இல்லை. அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்து, பர்மா வரை போய், மலேரியாவோடு வந்து சேர்ந்தார். இரண்டு குடும்பமும் ஒரே லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). சின்னத் தாத்தா வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நேதாஜி படம் இருக்கும். பாட்டி வீட்டில் கிடையாது.

சின்னத் தாத்தாவைக் கிளப்பிவிட்டால் போதும், பேச்சு நிற்காது. நேதாஜி பேசும் கூட்டத்தில் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தும், அதற்குள்ளேயே ஜனங்கள் கை தட்டிவிடுவார்களாம். "தொர வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணும். யூனிபார்ம் போட்ட அன்னைக்குத்தாண்டா நிமிர்ந்து நடந்தேன்" என்பார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கும்போது, ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைப் பெண்களை விட்டுவிட்டுப் போகாமல் நேதாஜியும் கூடவே நடந்தாரே, அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும்.

பாட்டி நேதாஜியைத் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும், "ஜப்பான்காரனோட சரிசமமா உக்காந்து பேசினவருதானே, ரயிலுக்குப் போனவங்களப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருப்பாரா?" என்றார். சின்னத் தாத்தா, "அண்ணி, அது சண்டக் காலம்" என்றதோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

வளர்ந்த பிறகு தேதிகளைத் தேடிப் பார்த்தேன். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா பாதையின் இரண்டு முனைகளும் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர் கத்தே அரங்கில் சுதந்திர இந்திய அரசை நேதாஜி அறிவித்தது அக்டோபர் 21. நடுவில் நாலே நாள்!

சரி, ரயில் போட்டது அவர் இல்லை. 1942இல் வேலை தொடங்கியபோது அவர் பெர்லினில் இருந்தார். ஆனால் ஹிட்லரைச் சந்திக்க வைத்த அதே கணக்குதான் அவரை தோக்கியோவுக்கும் கொண்டுவந்தது. பிரிட்டிஷ்காரனை அடிக்க யார் ஆயுதம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்ற கணக்கு. அந்தமானையும் சேர்த்துப் பாருங்கள். 1943 டிசம்பர் கடைசியில் போர்ட் பிளேரில் கொடியேற்றிவிட்டுப் போனார். அடுத்த மாதமே ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை உளவாளிகள் என்று ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவருடைய இந்தியச் சுதந்திரச் சங்கத்து ஆட்கள்! அவருடைய தைரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கணக்குக்கான விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர்கள் அதில் கையெழுத்துப் போடாதவர்கள் என்பதுதான் உறுத்துகிறது.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைப் பேசினால் முகம் சுருங்கிவிடும். அங்கே பிள்ளைக்கு போஸ் என்று பேர் வைத்த வீடுகள் ஏராளம், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த ரயில் பாதை போகும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்குப் போனபோது எனக்கே நேதாஜிமேல் கோபம் வந்தது. ரயில் வேலையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பேர் பொறித்து, புல் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படிப் பேர் பொறித்த கல்லறைகள் இல்லை. அப்புறம் யோசித்தால், அந்தக் கோபம் முதலில் போகவேண்டிய இடம் ஜப்பான் ராணுவமும், கூலிகளைக் கணக்கில்கூட வைக்காத பழைய துரைமார்களும்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சிக்கு (ம.இ.கா.) முதல் தலைவரான ஜான் திவி நேதாஜியின் ஆள். ஜான்சி ராணிப் படையின் ஜானகியும் அந்தக் கட்சியின் தொடக்கத்தில் இருந்தவர். தோட்டத்தில் சின்னத் தாத்தா மாதிரி ஆட்கள்தான் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தார்கள். அந்தச் சங்கக் கூட்டங்களுக்குப் பாட்டியும் தவறாமல் போயிருக்கிறார்.

ஒரே குடும்பத்தில் ஒருவர் சயாமுக்கும் ஒருவர் ஐ.என்.ஏ.வுக்கும் போன கதை வேறு யார் வீட்டிலாவது இருக்கிறதா? பேராக், ஜொகூர் பக்கத்து ஆட்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.