மறு: வாத்தியார் ஐயா நூலகம் – நிதி வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம்.

வாத்தியார் ஐயா சேர்த்த புத்தகங்களுக்கு ஊரில் நூலகம் கட்ட, நம்ம சங்கத் தலைவர் மடலில் ஐந்து லட்சம் கேட்டிருக்கிறார். கட்டடத்துக்கு எவ்வளவு, பீரோவுக்கு எவ்வளவு, ஆள் சம்பளம் எவ்வளவு, எதுவும் இல்லை. கலையரங்கக் கணக்கே இன்னும் வந்து சேரலை. கேட்டால் நான் கெட்டவன். இருக்கட்டும்.

பணம் எந்த வழியாப் போகும்? இங்கே பாதிப் பேர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியாச்சு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும் அவர்கள் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத நம்ம சங்கம் அதைத் தொடக்கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியா அனுப்பலாம். ஆக, தலைக்கட்டு வாரியாப் போட்ட நன்கொடைப் பட்டியலே செல்லாது.

புதுக் கட்டடம்தான் எதுக்கு? 2006-ல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டின ஊராட்சி நூலகத்தில் இப்ப திருவிழாப் பந்தல் சாமான் கிடக்கு. தீர்மானம் போட்டுச் சாவியை வாங்குங்க. சாயங்காலம் மூணு மணி நேரம் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும். அந்தச் சம்பளத்தை வருஷா வருஷம் யார் தருவாங்க? கல்வெட்டில் பேர் போட மட்டும் ஆள் வரிசையா நிக்குது.

பொங்கலுக்குப் போன தங்கச்சி பார்த்தது: ஐயா வீட்டு இரண்டாங்கட்டுப் புத்தக அறையில் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். எடுத்தால் அட்டை மட்டும் கையில் வருது, உள்ளே மண்ணு. மேல்தட்டு தப்பியிருக்கு, ஐயா போட்ட வசம்புத் துண்டுகூட அப்படியே இருக்காம். கட்டடம் முடியட்டும்னு இருந்தால் அதுவும் மிஞ்சாது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களை, அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கப் போய்த்தான் இன்னைக்குச் சென்னையில் ஆராய்ச்சி நூலகமா நிக்குது. நம்மூருக்குச் சிகாகோ வராது.

இன்னொண்ணு. ஐயாவின் இரவல் நோட்டைத் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கு. புத்தகம் திரும்பி வந்திருந்தால் சிவப்பு மசியில் கோடு போட்டிருக்கார். கோடு விழாத பேர்களில் நிறைய பேர் இந்தக் குழுவில்தான் இருக்கீங்க. பேர் போடலை. நன்கொடையோடு சேர்த்து அனுப்பிவையுங்க.

– மேலத்தெரு, சிங்கப்பூர்

*

ஐயா பேரில் தனிக் கட்டடம் இல்லாமல் பந்தல் சாமான் கொட்டடியில் வைக்கிறதா? பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். அவர் ஓசியில் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் நம்மில் பாதிப் பேர் கப்பலேறினோம், அதுக்குக் கணக்கு யார் வச்சிருக்கா?

நோட்டைப் பொதுவில் இழுத்தது நாகரிகமில்லை. 1987-ல் நான் வாங்கின இரண்டு தொகுதியை உங்க அண்ணன்தான் என்கிட்டேருந்து கொண்டுபோனார். வீட்டில் கேளுங்க.

– நியூஜெர்சி

*

அண்ணே, ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. கரையான் மருந்து அடிக்க எவ்வளவு ஆகும், அந்த அறைச் சாவி இப்ப யாரிடம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் இந்தியப் பாஸ்போர்ட்தான், இன்னைக்கே அனுப்புறேன்.

– துபாய்