டிப்பர்னுக்கு ‘நுனிக்கருகல்’ பொருந்துமா?

வணக்கம்.

மூடிய அறையில் எல்இடி வெளிச்சத்தில் பயிர் வளர்ப்பது குறித்த முதுகலைப் பாடக் குறிப்புக்குக் கலைச்சொற்கள் திரட்டுகிறேன். சாலட் கீரையான லெட்டூஸில் உள்ளடுக்கு இலைகளின் ஓரம் பழுப்பாகிக் காயும் ‘டிப்பர்ன்’ கோளாறுக்கு ‘நுனிக்கருகல்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

*

> ‘நுனிக்கருகல்’ என்று போட்டிருக்கிறேன்.

ஐயா, ‘கருகல்’ வேண்டாம். நெல்லுக்கு இலைக்கருகல், உருளைக்கிழங்குக்குப் பின்கருகல் என்று அந்தச் சொல்லை நோய்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. படிப்பவர் நேரே மருந்துக்கடைக்குப் போவார். இதில் கிருமியே கிடையாது.

கால்சியம் வேரிலிருந்து நீரோடுதான் ஏறும். எந்த இலை அதிகம் நீராவி விடுகிறதோ, அங்கே போய்ச் சேரும். முற்றிய இலையில் தங்கியதை எடுத்து இளம் இலைக்குத் தரச் செடியால் முடியாது. இலைகள் நடுவில் குவிந்து தலை கூடத் தொடங்கியதும் உள்ளிலைகளைச் சுற்றி ஈரக்காற்று அசையாமல் நிற்கும். நீராவிப்போக்கு நின்றால் கால்சியமும் நின்றது. வெளிச்சத்தைக் கூட்டினால் வளர்ச்சி முந்திக்கொள்ளும். கால்சியம் எட்டாமல் சுவர் உறுதிப்படாத செல்கள் ஓரத்தில் உடையும்.

அதனால் ‘சுண்ணாம்புச் சத்துக் குறை’ என்ற பெயரும் ஏமாற்றும். வேருக்குத் தரும் ஊட்டக் கரைசலில் லிட்டருக்கு 150 முதல் 200 மில்லிகிராம் கால்சியம் இருக்கும்போதே இது வரும். இன்னும் கால்சியம் நைட்ரேட் கொட்டினால் இசி (கரைசலின் உப்புச் செறிவைக் காட்டும் மின்கடத்துதிறன்) ஏறி, வேர் நீர் இழுப்பது குறைந்து, கோளாறு கூடும். தலை மூடிய பிறகு இலைமேல் தெளிப்பதும் உள்ளே எட்டாது.

வேலை செய்வது காற்று. 1992-இல் ஜப்பானில் ஆய்வாளர்கள் கோட்டோவும் தாக்காகுராவும் உள்ளிலைகளுக்கு நேரே காற்றைச் செலுத்தி இதைத் தடுத்துக் காட்டினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லெட்டூஸ் முறையில் ஒளி இலக்கு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 17 மோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு). 16 மணி நேரம் விளக்கெரித்தால் வினாடிக்கு ஏறத்தாழ 295 மைக்ரோமோல். மேலிருந்து இறங்கும் காற்று இல்லாமல் அந்த அளவுக்குப் போகக் கூடாது.

என் பரிந்துரை: ‘விளிம்புத் தீய்வு’. நுனியை விட ஓரம்தான் அதிகம் காய்கிறது.

*

> ‘விளிம்புத் தீய்வு’

‘தீய்வு’ எனக்குப் பிடித்திருக்கிறது. “வெயில்ல தீஞ்சு போச்சு” என்று வயலில் சொல்வதுதானே; கிருமி வாடை இல்லை. ஆனால் ‘விளிம்பு’ போதாது. பொட்டாஷ் குறைந்தாலும் விளிம்பு தீயும், அடியிலுள்ள முற்றிய இலையில். இது இளம் இலையில் வருவது. இரண்டையும் பிரிப்பதே இலையின் வயதுதான், அது பெயரில் வர வேண்டும்.

‘குருத்து’ என்று யோசித்தேன். அது வாழை, தென்னை, நெல்லுக்குரியது. போதாததற்குக் குருத்தழுகல் என்ற நோய் வேறு இருக்கிறது. வெற்றிலைக்கும் தேயிலைக்கும் சொல்லும் ‘கொழுந்து’ பொருந்தும்: ‘கொழுந்துத் தீய்வு’.

விளக்கத்தில் கண்டுபிடிக்கும் வழியையும் எழுதுங்கள். தலை கூடும் பருவத்தில் நடு இலைகளை இரு விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஓரத்தில் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளி. பிறகு அது நாடாவாக நீளும். ஓரம் விரிய மறுப்பதால் இலை கிண்ணம்போல் குவியும். வெளி இலைகள் பளிச்சென்று இருக்கும், வாங்கியவர் நறுக்கும்போதுதான் தெரியும்.

*

இருவருக்கும் நன்றி. ‘கொழுந்துத் தீய்வு’ என்றே மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம்: முட்டைக்கோஸிலும் இது வருகிறது. இறுகிய தலைக்குள் இருப்பதை யாராவது கொழுந்து என்பார்களா?

*

சொல்ல மாட்டார்கள்தான். ஆனாலும் நடுவிலிருந்து புதிதாக வருவது என்ற பொருள் நிற்கிறது, விடுங்கள். அதைவிட, இரவு ஈரப்பதம் பற்றி ஒரு வரி சேருங்கள். விளக்கணைந்த நேரத்தில் அறையில் ஈரம் மிகுந்திருந்தால் வேரழுத்தம் நீரை உள்ளிலை வரை தள்ளும், கால்சியமும் கூடவே போகும். விளக்குப் போடும் முன் இலையோரத்தில் நீர்முத்து நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு ‘நீர்க்கசிவு’ என்று ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா, இல்லை அதற்கும் தனி இழை தொடங்க வேண்டுமா?